விருது ரோட்டர்டாமில்... படம் கன்னிவாடிக்கு எப்போ?

சர்வதேசத் திரைப்பட விழாக்கள் எப்படித் தொடங்கின, விருதை யார் தீர்மானிக்கிறார்கள், விருது வாங்கிய தமிழ்ப் படம் தமிழ்ப் பார்வையாளருக்கு வந்து சேர ஏன் இத்தனை தாமதம்? ஒரு பார்வை.

2021 பிப்ரவரி 7. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவில் 'டைகர்' விருது பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' படத்துக்கு அறிவிக்கப்பட்டது. விழாவின் உச்ச விருது அது. பரிசுத்தொகை 40,000 யூரோ. ஒரு தமிழ்ப் படம் அதை வாங்கியது அதுதான் முதல் முறை. சோஷியல் மீடியா முழுக்க வாழ்த்து மழை. 'தமிழ் சினிமாவுக்குப் பெருமை' என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

ஆனால், வாழ்த்தியவர்களில் கிட்டத்தட்ட யாருமே படத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. அந்தப் படம் பொதுமக்களுக்குக் கிடைத்தது 2023 அக்டோபர் 27 அன்று. அதுவும் தியேட்டரில் இல்லை, நேரடியாக ஓடிடியில். இடையில் ஓடியது 32 மாதங்களுக்கும் மேல்.

இதை ஒரு ஊரில் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையமாக இருந்த ஊர். நிமிர்ந்தால் மலை, திரும்பினால் வயல். அந்த மலைக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு உண்டு. மேலே கொடைக்கானலில் எடுத்த 'குணா' 1991-ல் வந்தது. அதே குகையை வைத்து 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது, குணா குகையைப் பார்க்க மறுபடியும் கூட்டம் கூடியது. கொடைக்கானல் மலையின் வெள்ளகவி கிராமத்தில் சாலையும் மருத்துவ வசதியும் இல்லாமல் மக்கள் படும் பாட்டை 2025-ல் வெளியான 'கெவி' கதையாக்கியது.

மலை சினிமாவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சினிமா, குறிப்பாக உலகம் கொண்டாடும் சினிமா, மலையடிவாரத்துக்கு வருகிறதா? ஒரு விருதுப் படம் விழா மேடையிலிருந்து கன்னிவாடி போன்ற ஊரில் இருக்கும் ஒருவரின் கண்ணுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? இதை 'கன்னிவாடி கணக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். விருதுகளின் எண்ணிக்கையை விட இந்தக் கணக்குதான் முக்கியம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

திரைப்பட விழா என்ற ஐடியா எங்கிருந்து வந்தது?

உலகின் முதல் பெரிய திரைப்பட விழா 1932-ல் இத்தாலியின் வெனிஸில் நடந்தது. முசோலினியின் ஆட்சிக்காலம். சில ஆண்டுகளிலேயே விருதுகளில் அரசியல் புகுந்தது. அதற்கு மாற்றாக பிரான்ஸ் திட்டமிட்டதுதான் கான் விழா. 1939 செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டியது, இரண்டாம் உலகப்போர் வெடித்ததால் 1946-க்குத் தள்ளிப்போனது. பெர்லின் விழா 1951-ல் வந்தது. வெனிஸின் தங்கச் சிங்கம், கானின் தங்கப் பனை, பெர்லினின் தங்கக் கரடி. இந்த மூன்றும்தான் இன்றும் விழா உலகின் மிகப்பெரிய பெயர்கள்.

கானின் முதல் விழாவிலேயே இந்தியாவுக்குப் பரிசு கிடைத்தது. சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்' என்ற இந்திப் படம், 1946-ல் உச்சப் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று. ஆனால் அந்தப் படம் இந்தியத் தியேட்டர்களில் முறையாக ஓடவே இல்லை. அதாவது, 'அங்கே விருது, இங்கே படம் இல்லை' என்ற கதை 'கூழாங்கல்'லோடு தொடங்கியது அல்ல. இந்தியாவின் முதல் கான் விருதிலிருந்தே அது தொடர்கிறது.

தமிழுக்கு முதல் பெரிய வெளிநாட்டு அங்கீகாரம் 1960-ல் கிடைத்தது. கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்வானார். இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 'கட்டபொம்மன்' ஏற்கெனவே ஊர் ஊராக ஓடி, மக்கள் வசனத்தை மனப்பாடம் செய்த பிறகு கெய்ரோவுக்குப் போன படம். ஊர் முதலில் பார்த்தது, உலகம் பிறகு பார்த்தது. இன்று வரிசை தலைகீழ்.

17 பேரில் தொடங்கிய ரோட்டர்டாம்

ரோட்டர்டாம் விழாவை 1972-ல் தொடங்கியவர் ஹூபர்ட் பால்ஸ். முதல் நாள் திரையிடலுக்கு வந்தவர்கள் எண்ணிப் 17 பேர். இன்னொருவராக இருந்தால் கடையைச் சாத்தியிருப்பார். பால்ஸ் சாத்தவில்லை. பெரிய ஸ்டுடியோக்கள் கண்டுகொள்ளாத படங்கள், ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் புதிய இயக்குநர்கள் என்று தேடித் தேடித் திரையிட்டார். இன்று அந்த விழாவுக்கு லட்சக்கணக்கில் டிக்கெட் போகிறது.

விழாவின் சின்னம் புலி. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம் சிங்கம் கர்ஜிக்கும் இல்லையா, அதற்கு மாற்றாக வைத்தது. 1995-ல் புதிய இயக்குநர்களுக்காக டைகர் விருது வந்தது. 1999-ல் அதை வாங்கியவர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: கிறிஸ்டோபர் நோலன். படம், அவரது முதல் படமான 'ஃபாலோயிங்'. நண்பர்களை வைத்து, சொற்ப காசில் எடுத்தது. 'இன்செப்ஷ'னும் 'ஓப்பன்ஹைமரு'ம் அதற்கு வெகு தூரம் பின்னால்தான்.

1988-ல் பால்ஸ் இறந்த பிறகு, அவர் பெயரில் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. பணவசதி குறைந்த நாடுகளின் இயக்குநர்களுக்குக் கதை எழுதவும் படத்தை முடிக்கவும் அது உதவுகிறது. கோவையை மையமாக வைத்து அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்' அந்த நிதியத்தின் உதவி பெற்ற படம். திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' சிறுகதையைத் தழுவியது. 2020-ல் ரோட்டர்டாமில் 'நெட்பேக்' விருது வாங்கியது. 2025-ல் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' அதே நெட்பேக் விருதை வாங்கியது. கண்டிப்பாகச் சொல்லலாம், ரோட்டர்டாம் தமிழுக்கு நல்ல ராசியான ஊர்.

விருதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 'கான் விழாவில் தமிழ்ப் படம்' என்று செய்தி வந்தால், எல்லாமே ஒரே மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

ஒரு விழாவுக்குள் பல பிரிவுகள் இருக்கும். முதன்மைப் போட்டி ஒன்று. புதியவர்களுக்கான போட்டி இன்னொன்று. போட்டி இல்லாமல் திரையிடும் பிரிவுகளும் உண்டு. இதற்கு வெளியே, விழாவை ஒட்டி நடக்கும் சந்தை தனி. அங்கே கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஹால் எடுத்துப் படம் போடலாம். சந்தையில் போட்ட படத்துக்கும் 'கானில் திரையிடப்பட்டது' என்று போஸ்டர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

போட்டிப் பிரிவில் நடுவர் குழு ஒன்று அமர்ந்து படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இயக்குநர்கள், நடிகர்கள், விமர்சகர்கள், தயாரிப்பாளர்கள் அதில் இருப்பார்கள். இது போக, வெளி அமைப்புகளும் தங்கள் நடுவர்களை அனுப்பும். நெட்பேக் என்பது ஆசிய சினிமாவை வளர்க்கும் அமைப்பு. 'ஃபிப்ரெஸ்கி' என்பது உலகத் திரை விமர்சகர்களின் கூட்டமைப்பு. மனித உரிமை அமைப்புகளும் விருது தருவதுண்டு. வெற்றிமாறனின் 'விசாரணை' 2015-ல் வெனிஸில் வாங்கியது, ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி கொடுத்த விருது.

இன்னொரு விதியும் உண்டு. நம்ம பிரச்சினையின் வேர் கொஞ்சம் அதில்தான் இருக்கிறது. பெரிய விழாக்கள் 'பிரீமியர்' கேட்கும். அதாவது, படம் தங்கள் விழாவில்தான் முதலில் காட்டப்பட வேண்டும். அதனால் இயக்குநர் படத்தை முடித்ததும் பூட்டி வைத்துவிட்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பார். தேர்வானால் அந்த விழா, பிறகு அடுத்த நாட்டு விழா, பிறகு இன்னொன்று. ஒரு வருடம், ஒன்றரை வருடம் படம் விமானத்திலேயே சுற்றும். அதன் பிறகுதான் வெளியீட்டுப் பேச்சு.

கன்னிவாடி கணக்கைப் போட்டுப் பார்த்தால்...

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டு விழாக்களில் பேசப்பட்ட சில தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்வோம்.

மணிகண்டனின் 'காக்கா முட்டை': டொரன்டோ விழா 2014 செப்டம்பர், தியேட்டர் வெளியீடு 2015 ஜூன். 9 மாதங்கள்.

'விசாரணை': வெனிஸ் 2015 செப்டம்பர், தியேட்டர் 2016 பிப்ரவரி. 5 மாதங்கள்.

வினோத்ராஜின் இரண்டாவது படமான 'கொட்டுக்காளி': பெர்லின் 2024 பிப்ரவரி, தியேட்டர் 2024 ஆகஸ்ட். 6 மாதங்கள்.

'பேட் கேர்ள்': ரோட்டர்டாம் 2025 பிப்ரவரி, தியேட்டர் 2025 செப்டம்பர். 7 மாதங்கள்.

'கூழாங்கல்': 32 மாதங்கள், தியேட்டர் இல்லை.

வேகமாக வந்தவற்றுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 'காக்கா முட்டை', 'விசாரணை' இரண்டிலும் தனுஷின் நிறுவனம். 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன். 'பேட் கேர்ள்' படத்துக்கு வெற்றிமாறன். சந்தையில் ஒரு பெரிய பெயர் தோள் கொடுத்தால் படம் தியேட்டருக்கு வருகிறது. சரி, அப்படியானால் 'கூழாங்கல்'லுக்கு? அதற்கும் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பாளர்கள். யுவன் ஷங்கர் ராஜா இசை. 2021-ல் இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் அதுவே தேர்வானது. கொரோனா காலம் என்பது ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது: நட்சத்திரத்தின் பெயரும் விருதும் ஆஸ்கர் பரிந்துரையும் சேர்ந்தாலும் ஒரு படம் ஊருக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் 'கூழாங்கல்' திரையிடப்பட்டது. பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது அதற்கே கிடைத்தது. மேலூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு அப்பாவும் மகனும் நடக்கும் தமிழ்ப் படத்துக்கு மலையாளப் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தக் கதை நடக்கும் மண்ணைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

'ஓடிடியில் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையைக்கூட போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் 'கூழாங்கல்' 75 நிமிடப் படம். குடிகார அப்பா, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர, பள்ளியில் இருக்கும் மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். திரும்பும்போது பொட்டல் வெளியில் நடை. பேச்சு குறைவு. வெயிலும் காற்றும் தூரமும்தான் அங்கே வசனம். ஐந்தரை இன்ச் திரையில், நடுவில் இரண்டு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனோடு பார்த்தால் 'படம் ஸ்லோ ப்ரோ' என்றுதான் தோன்றும். இருட்டில், பெரிய திரையில், பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்தால் அது வேறு படம்.

ஒரு திரையிடல் என்ன செய்யும்?

'விழாவில் படம் பார்த்து என்ன ஆகப்போகிறது?' என்பவர்களுக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24-ல் மும்பையில் தொடங்கியது. போட்டி இல்லை, விருது இல்லை, படங்கள் மட்டுமே. மும்பையோடு முடியவுமில்லை. சென்னை, டெல்லி, கொல்கத்தா என்று நகர்ந்தது. யோசித்துப் பாருங்கள், இந்தியாவின் முதல் விழாவே ஒரு 'டூரிங் விழா'. அதில் இத்தாலியப் படங்களைப் பார்த்த தாக்கத்தில்தான் பிமல் ராய் 1953-ல் 'தோ பிகா ஜமீன்' எடுத்தார். கடனில் நிலத்தை இழக்கும் விவசாயியின் கதை. அடுத்த ஆண்டு அந்தப் படம் கானில் விருது வாங்கியது.

தமிழிலும் அதே கதை. அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' 1951-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. அந்தப் படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார் வீணை மேதை எஸ்.பாலசந்தர். அந்தப் பாதிப்பில் பிறந்ததுதான் 1954-ல் ஏவி.எம் தயாரித்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். ஒரு கொலை, பல கோணங்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் த்ரில்லர் ரசிகர்கள் பேசும் படம். வெனிஸ் கொடுத்த சிங்கத்தால் மட்டும் 'அந்த நாள்' வரவில்லை. விருது வாங்கிய படம் பாலசந்தர் பார்க்கக்கூடிய இடத்தில் திரையிடப்பட்டதால் வந்தது.

வினோத்ராஜின் சொந்தக் கதையும் இதையே சொல்கிறது. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். சினிமா ஆசையில் சென்னை வந்து டிவிடி கடையில் வேலை பார்த்தார். உலக சினிமா அவருக்கு அறிமுகமானது அந்தக் கடையில்தான். ஒரு டிவிடி கடை அவருக்குத் திரைப்பட விழாவாக இருந்தது. இன்று அந்தக் கடைகளும் இல்லை. மலையடிவாரத்து ஊரில், அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவிக்குள் அடுத்த இயக்குநர் இருந்தால், அவர் எந்தக் கடையில் போய் உலகத்தைப் பார்ப்பார்? இங்கே பணயம் வைக்கப்பட்டிருப்பது ஒரு படத்தின் வசூல் அல்ல, அந்த மாணவியின் வாய்ப்பு.

நம்ம ஊர் விழாக்கள் என்ன செய்கின்றன?

இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 1965-ல் போட்டி விழாவாக மாறியது. நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ராய். அந்த ஆண்டின் தங்க மயில் இலங்கைக்குப் போனது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' என்ற சிங்களப் படம். 2004 முதல் விழா கோவாவில் நிலைகொண்டுவிட்டது. தங்க மயிலுக்கு இன்று 40 லட்சம் ரூபாய் பரிசு. ஆனால் 1952-ல் சென்னை வரை வந்த விழா, இன்று கோவாவை விட்டு நகர்வதில்லை. திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் அங்கே போய் ஒரு வாரம் தங்கிப் படம் பார்க்க வேண்டும் என்றால், அது சினிமா ரசனை அல்ல, சுற்றுலா பட்ஜெட்.

அங்கேயும் எல்லாப் படத்துக்கும் இடமில்லை என்பது 2017-ல் தெரிந்தது. சனல்குமார் சசிதரனின் மலையாளப் படம் 'எஸ் துர்கா' அதே ஆண்டு ரோட்டர்டாமில் டைகர் விருது வென்றது. கோவா விழாவின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போயும் விழாவில் படம் திரையேறவில்லை.

சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்துகிறது. தமிழக அரசும் நிதி தருகிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் உலகப் படங்களைச் சென்னைக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். தமிழ்ப் படங்களுக்கென்று தனிப் போட்டியும் உண்டு. 2024-ல் அதில் சிறந்த படமாகத் தேர்வானது 'அமரன்'. தீபாவளிக்கு வெளியாகி, ஊரெல்லாம் ஓடி, வசூலை அள்ளிய படம். நல்ல படம் என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஏற்கெனவே எல்லோரும் பார்த்த படத்துக்கு ஒரு விழாவின் வெளிச்சம் எதற்கு? அந்த வெளிச்சம் தேவைப்படுவது, யாரும் பார்க்காத படத்துக்கு.

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். 1996-ல் தொடங்கிய அவர்களின் விழாவை இப்போது அரசின் சலச்சித்திர அகாடமி நடத்துகிறது. உச்ச விருது 'சுவர்ண சகோரம்'. 2021-ல் கொரோனா வந்தபோது விழாவை நிறுத்தாமல், திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களுக்குப் பிரித்து நடத்தினார்கள். விழாவுக்கு முன்பு 'டூரிங் டாக்கீஸ்' என்ற பெயரில் வண்டி கட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் படம் போடுவதும் அங்கே வழக்கம்.

டூரிங் டாக்கீஸ்! அந்த வார்த்தையைக் கேட்டு தமிழ்நாடு கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். 1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். சினிமாவைத் தென்னிந்திய கிராமங்களுக்கு நடத்திக் கூட்டிப்போன மனிதர் நம்ம ஊர்க்காரர். அந்த வித்தையை மறந்துவிட்டு, இன்று அண்டை மாநிலத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'இந்தப் படத்தை எல்லாம் யாருங்க பார்ப்பாங்க?'

இதுதான் எப்போதும் வரும் எதிர்வாதம். 'கொட்டுக்காளி' தியேட்டருக்கு வந்தபோது, இதை விழாக்களோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்ற தொனியில் திரையுலகுக்குள் இருந்தே குரல்கள் எழுந்தன. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. மாஸ் படத்துக்குப் பழகிய மல்டிபிளெக்ஸில், வெள்ளிக்கிழமை காலை ஷோவில், 200 ரூபாய் டிக்கெட்டில் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, திங்கள்கிழமை 'ஓடவில்லை' என்று தூக்கிவிடுவது படத்துக்கும் நல்லதல்ல, பார்த்தவருக்கும் நல்லதல்ல.

ஆனால் அதிலிருந்து 'மக்களுக்கு இது வேண்டாம்' என்ற முடிவுக்குத் தாவுவது தப்பு. 'காக்கா முட்டை' விழாவுக்குப் போய்வந்த படம்தான், மக்கள் கொண்டாடவில்லையா? சேரிச் சிறுவர்கள் பீட்சாவுக்கு ஆசைப்படுவது மக்களுக்குப் புரிந்ததே. பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், தண்ணீருக்கு அலைவதும், குடிகார அப்பாவுக்குப் பயந்து வாழ்வதும் கன்னிவாடிப் பக்கத்து மக்களுக்குப் புரியாத ஐரோப்பிய விஷயமா என்ன? ரோட்டர்டாம்காரருக்கு விளக்கம் தேவைப்படலாம். இவர்களுக்குத் தேவைப்படாது.

பிரச்சினை ரசனையில் இல்லை, வழியில் இருக்கிறது. இன்று ஒரு படத்துக்கு இரண்டே வழி: தியேட்டர், இல்லாவிட்டால் ஓடிடி. இரண்டும் வியாபாரக் கணக்கில் ஓடுபவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒரு வழி வேண்டும்.

மூன்றாவது வழி எப்படி இருக்கலாம்?

முதலாவது, சென்னை விழாவின் தமிழ்ப் போட்டிப் படங்களும், வெளிநாட்டு விழாக்களில் விருது வாங்கிய தமிழ்ப் படங்களும் மாவட்டங்களுக்குச் சுற்றுக்குப் போக வேண்டும். அரசு ஏற்கெனவே விழாவுக்கு நிதி தருகிறது. அந்த நிதியோடு 'சென்னையில் ஒரு வாரம், அதன்பின் மாவட்டங்களில் திரையிடல்' என்று ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். திண்டுக்கல்லில் இரண்டு நாள், அங்கிருந்து கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், கொடைக்கானல் என்று ஒரு வண்டி நகரலாம்.

இரண்டாவது, இடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தை பள்ளிக்கல்வித் துறை 2022-ல் தொடங்கியது. படம் போட்டு, மாணவர்களைப் பேசவைக்கும் பழக்கம் அங்கே வந்துவிட்டது. அதே இடத்தில் மாலையில் பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு காட்சி போடலாம். நூலகங்கள் இருக்கின்றன, சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபங்களும் சும்மாதான் இருக்கின்றன.

மூன்றாவது, அனுமதி. தமிழ்நாட்டில் பொதுத் திரையிடலை 1955-ம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கூடாரத்தில் ஃபிலிம் ரீல் ஓடி, தீ விபத்து பயம் இருந்த காலத்தின் சட்டம். லேப்டாப்பும் சிறிய புரொஜெக்டரும் வைத்து, சென்சார் ஆன படத்தை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ போடும் குழுவுக்கு எளிமையான, ஒரே இடத்தில் கிடைக்கும் அனுமதி முறை வேண்டும்.

நான்காவது, தயாரிப்பாளருக்குப் பணம். 'ஊர் ஊராகப் போட்டால் திருட்டு பிரிண்ட் வந்துவிடும், ஓடிடி வாங்க மாட்டான்' என்ற பயம் உண்மையானது. அதனால் இதை இனாமாகக் கேட்கக் கூடாது. ஒரு படத்தின் சுற்றுத் திரையிடல் உரிமையை அரசு நியாயமான தொகைக்கு வாங்கலாம். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறக்கும் டிஜிட்டல் பூட்டு வசதி தியேட்டர்களில் இன்று சாதாரணம். அதையே இங்கும் பயன்படுத்தலாம். சின்னப் படம் எடுப்பவருக்கு அந்தத் தொகை அடுத்த படத்தின் முதல் செக்காகக்கூட இருக்கும்.

ஐந்தாவது, காட்சி முடிந்ததும் பேச்சு. இயக்குநரோ, ஒளிப்பதிவாளரோ, நடித்தவரோ ஒருவர் வந்து ஊர்க்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கானிலும் பெர்லினிலும் செய்கிறார்களே, அதேதான். 'ஏன் சார் கடைசிவரை அந்தப் பொண்ணு பேசவே இல்ல?' என்று ஒரு அம்மா கேட்கும் கேள்வி, எந்த வெளிநாட்டு விமர்சகரின் கேள்விக்கும் குறைந்தது அல்ல.

விருது முடிவு அல்ல

விருதுகளைக் குறை சொல்வது நோக்கமல்ல. டைகர் விருது இல்லாவிட்டால் 'கூழாங்கல்' என்ற பெயரே பலருக்குத் தெரிந்திருக்காது. வினோத்ராஜுக்கு இரண்டாவது படம் அத்தனை சீக்கிரம் அமைந்திருக்குமா என்பதும் சந்தேகம். விருது ஒரு கதவைத் திறக்கிறது. ஆனால் கதவு திறந்ததையே கொண்டாடிவிட்டு, உள்ளே யாரும் போகாமல் கலைந்துவிடுகிறோம். 'தமிழ்ப் படம் சர்வதேச விருது வென்றது' என்று அடுத்த முறை நோட்டிஃபிகேஷன் வரும்போது, ஃபயர் எமோஜி போடுவதோடு நிறுத்தாமல் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: இது எங்க ஊருக்கு எப்போ வரும்?

'கன்னிவாடியில் போட்டால் எத்தனை பேர் வந்துவிடுவார்கள்?' என்று யாராவது சிரித்தால், பதில் கைவசம் இருக்கிறது. ரோட்டர்டாமில் முதல் நாள் வந்தவர்கள் 17 பேர்.